பழைய 3060ஆ, புது 5060ஆ? ஆபீஸ் கணினிக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு. ஆபீசில் கழித்து விற்ற டெல் கணினி ஒன்று இருக்கிறது. இன்டெல் ஐ5-10400 பிராசஸர், 16 ஜிபி ராம், 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகன் வலோரண்ட், ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077 விளையாட ஆசைப்படுகிறான். அடுத்து பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கவும் எண்ணம். கையில் 1500 வெள்ளி (ரிங்கிட்). ஈப்போ கடைக்காரர் புது ஆர்டிஎக்ஸ் 5060 எடுக்கச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டை 700 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். இரண்டில் எது வேகம் என்று கேட்டால் 5060தான், அதில் பேச்சே இல்லை. ஆனால் உங்கள் கணினிக்கும் உங்கள் வீட்டுக்கும் எது பொருந்தும் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: ஓட்டிச் சோதித்து நல்ல நிலையில் இருந்தால் பழைய 3060ஐ எடுங்கள், மிச்சப் பணத்தைப் பவர் சப்ளையில் போடுங்கள். காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கார்டைப் பற்றி யோசிக்கும் முன் கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பவர் சப்ளை மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இந்தக் காலத்து டெல் ஆபீஸ் கணினிகளில் பெரும்பாலும் 200 அல்லது 260 வாட் பவர் சப்ளைதான் வரும். ஆபீஸ் வேலைக்கு அது தாராளம். கிராபிக்ஸ் கார்டு வந்தால் கணக்கு மாறிவிடும். 3060க்கு 170 வாட், 5060க்கு 145 வாட். ஐ5-10400ஐ 65 வாட் என்று எழுதியிருந்தாலும் முழு வேகம் எடுக்கும் சில விநாடிகளில் 100ஐத் தாண்டிவிடும். மதர்போர்டு, ராம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 40, 50 வாட். மொத்தம் 300ஐ ஒட்டி நிற்கிறது. அதற்கு மேல், கார்டு சில மில்லி விநாடிகளுக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும் பழக்கமும் உண்டு. அப்படி இழுக்கும்போது பவர் சப்ளை தாங்காவிட்டால் கேம் நடுவில் கணினி பட்டென்று அணைந்துவிடும். கார்டு கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். பார்த்தால் பழி பவர் சப்ளை மேல் இருக்கும். ஆகவே இரண்டில் எந்தக் கார்டை எடுத்தாலும் 550 வாட் பவர் சப்ளை ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தச் செலவைக் கடைக்காரர் சொல்லவில்லை என்றால் அவர் உங்கள் கணினியைப் பற்றிக் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

பவர் சப்ளை வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்டை நம்பாதீர்கள். லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12ஐ அதால் பெருக்கினால் உண்மை தெரியும். 45 ஆம்பியர் என்றால் 540 வாட், நல்ல சரக்கு. 600 வாட் என்று வெளியே போட்டுவிட்டு உள்ளே 25 ஆம்பியர் காட்டினால் அது 300 வாட் பெட்டிதான். 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) என்ற மின்சிக்கனத் தரம், பெயர் தெரிந்த தயாரிப்பு, சுமார் 200 முதல் 300 வெள்ளிக்குள் கிடைக்கும். இதில் 100 வெள்ளி மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வேண்டாம். மலிவான பவர் சப்ளை சாகும்போது தனியாகச் சாவது குறைவு, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

அடுத்த சிக்கல் இணைப்பு. கடையில் விற்கும் பவர் சப்ளைகளில் மதர்போர்டுக்கு 24 முள் பிளக் வரும். டெல் ஆபீஸ் கணினிகளில் பலவற்றில் அது கிடையாது, அந்த நிறுவனத்துக்கே உரிய சின்ன பிளக் இருக்கும். 24 முள்ளை அதற்கு மாற்றும் கம்பி ஆன்லைனில் கிடைக்கிறது; உங்கள் மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும், பார்த்தால் ஒன்றுபோல் இருக்கிறதே என்று வாங்கக் கூடாது. பவர் சப்ளை உட்காரும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்: ஏடிஎக்ஸ் அளவு என்பது 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், ஆழம் 140 முதல் மேலே.

கம்பிகளில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, கார்டுக்கான 8 முள் இணைப்பு இல்லாததால் டிஸ்குக்குப் போகும் சாட்டா கம்பியிலிருந்து 8 முள்ளாக மாற்றும் மலிவுக் கம்பியைப் போடுவது. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு 4.5 ஆம்பியர்தான் அளவு, அதாவது 54 வாட். 8 முள் இணைப்போ 150 வாட் வரை கேட்கலாம். பிளக் உருகி, பிளாஸ்டிக் கருகி, சில சமயம் தீயே பிடிக்கும். இரண்டாவது, பிராசஸருக்கு உரிய 8 முள் கம்பியைக் கார்டில் திணிப்பது. இரண்டிலும் 8 முள் இருந்தாலும் வோல்ட் வரும் பக்கம் நேர்மாறு. கார்டுக்கு உரியது 6 முள்ளும் 2 முள்ளுமாகப் பிரியும். பிராசஸருக்கு உரியது 4ம் 4மாகப் பிரியும். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். மூன்றாவது, கழற்றி மாட்டும் கம்பி உள்ள பவர் சப்ளையில் வேறு கம்பெனிக் கம்பியை மாட்டுவது. கார்டுப் பக்கம் எல்லாம் ஒன்றுதான். பவர் சப்ளைப் பக்கம் முட்களின் வரிசையைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருக்கிறார்கள். மாட்டிச் சுவிட்ச் போட்ட நொடியில் எல்லாம் போய்விடும்.

உங்கள் டெல் ஒல்லிக் கேசிங் வகையாக இருந்தால், அதாவது புத்தகம்போல் படுக்க வைக்கக்கூடிய அளவில் இருந்தால், இந்த இரண்டு கார்டின் வழக்கமான வடிவம் உள்ளே போகாது. அதில் பாதி உயரக் கார்டுதான் உட்காரும். அப்போது இரண்டு வழிதான். ஒன்று, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, பாதி உயர வடிவம். அது 70 வாட்தான் இழுக்கும். மதர்போர்டு சாக்கெட்டிலிருந்தே 75 வாட் வரை கிடைப்பதால் தனிக் கம்பி வேண்டாம். வலோரண்ட், ஜிடிஏ நன்றாக ஓடும், சைபர்பங்கில் அமைப்புகளைக் குறைக்க வேண்டும். இரண்டாவது வழி, எச்510 மாதிரி 10ஆம் தலைமுறை பிராசஸரை ஏற்கும் சாதாரண மதர்போர்டு ஒன்று, கேசிங், பவர் சப்ளை வாங்கி, பிராசஸரையும் ராமையும் அதற்கு மாற்றுவது. செலவு கூடும், ஆனால் நாளைக்கு எதை மாற்றினாலும் இடைஞ்சல் இருக்காது. டெல் மதர்போர்டோடு வந்த விண்டோஸ் உரிமம் புது மதர்போர்டுக்குக் கூடவே வராது, அதையும் கணக்கில் வையுங்கள். நீங்கள் கொடுத்த விவரத்தில் கேசிங் வகை இல்லை. மினி டவர், அதாவது நிமிர்ந்து நிற்கும் கேசிங், என்று எடுத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

இப்போது மானிட்டர். 75 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 75 படம்தான் (ஃப்ரேம்) காட்டும். வலோரண்ட் இலேசான கேம். 3060ஓ 5060ஓ, உங்கள் பிராசஸரில் 200 ஃப்ரேமுக்கு மேல் சாதாரணமாக வரும். அதற்கு மேல் கூடுவது கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. ஜிடிஏ 5 பழைய பதிப்பும் அப்படித்தான். 2025 மார்ச்சில் வந்த புதுப் பதிப்பில் ஒளி, நிழலை நிஜம்போல் கணக்கிடும் ரே டிரேசிங் இருப்பதால் அது கொஞ்சம் கனம். கார்டின் வித்தியாசம் தெரியக்கூடிய கேம் சைபர்பங்க் ஒன்றுதான். 3060இல் 1080பி, ஹை அமைப்பில் 60 ஃப்ரேம் அளவில் ஓடும். டிஎல்எஸ்எஸ் (சிறிய படத்தை உருவாக்கிப் பெரிதாக்கும் என்விடியா வசதி) குவாலிட்டி போட்டால் 75ஐ நெருங்கும். கூட்டம் நிறைந்த சந்தைத் தெருக்களில் மட்டும் பிராசஸர் திணறும், அங்கே எந்தக் கார்டைப் போட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது. காகிதத்தில், இரண்டுக்கும் நடுவில் வந்த 4060 என்பது 3060ஐவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகம். 5060 அதற்கும் மேலே ஏறக்குறைய அதே அளவு. அந்தச் சோதனைகளை எல்லாம் மிக வேகமான பிராசஸரோடு செய்திருப்பார்கள். உங்கள் ஐ5-10400இல் அந்த இடைவெளி சுருங்கிவிடும். எவ்வளவு சுருங்கும் என்பது கேமுக்குக் கேம் மாறும்.

நான் 3060 பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இனிமேல்தான் வருகிறது. கார்டில் உள்ள நினைவகம், அதாவது விராம். 3060இல் 12 ஜிபி, 5060இல் 8 ஜிபி. கேமுக்கு வேண்டிய படங்கள், உருவங்கள் எல்லாம் இந்த நினைவகத்தில்தான் உட்கார வேண்டும். இடம் போதாவிட்டால் மிச்சம் கணினியின் ராமுக்குத் தள்ளப்படும், வேண்டும்போது மதர்போர்டு வழியாக இழுத்து வரப்படும். 5060 தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 448 ஜிபி வேகத்தில் எடுக்கும். மதர்போர்டு வழியாக என்றால் என்ன வேகம் என்று பாருங்கள். கார்டும் கணினியும் பேசும் வழிக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர், உங்கள் பிராசஸர் அதில் 3.0 தலைமுறை. 5060 புதிய தலைமுறைக் கார்டு என்றாலும் அதில் 8 தரவுப் பாதைகள்தான் இணைத்திருக்கிறார்கள். 3.0இல் 8 பாதை என்றால் விநாடிக்கு 8 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. புது மதர்போர்டில் இதே 8 பாதை நான்கு மடங்கு வேகமாக ஓடும், அதனால் அங்கே இந்தக் குறை மறைந்துகொள்ளும், உங்களுடையதில் மறையாது. பழைய 3060இல் 16 பாதையும் இருக்கிறது. ஆகவே அது உங்கள் மதர்போர்டிலும் விநாடிக்கு 16 ஜிபி அளவுக்குப் பேசும். நினைவகமும் அதிகம், நிரம்பினாலும் வழி அகலம்.

விராம் போதாமல் போவது சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையில் தெரியாது, அதனால்தான் விளம்பரப் படங்களைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 70 ஃப்ரேம் என்று மூலையில் காட்டிக்கொண்டே இருக்கும். திரும்பும்போது ஒரு வெட்டு வெட்டும், சுவரில் உள்ள எழுத்து சில விநாடி மங்கலாக நின்று பிறகு தெளியும். சைபர்பங்கில் ரே டிரேசிங்கை ஏற்றி, ஃப்ரேம் ஜெனரேஷனையும் (இடையில் புது ஃப்ரேம்களைக் கார்டே உண்டாக்கிச் செருகும் வசதி) போட்டால் 8 ஜிபி இறுக்கமாகிவிடும். டெக்ஸ்சரை (பரப்புகள் மேல் ஒட்டும் படங்களின் தரம்) ஒரு படி இறக்கினால் 8 ஜிபி கார்டும் சமாளிக்கும், இதையும் சொல்லியாக வேண்டும். இன்றைய கேம்களுக்கு 1080பியில் 8 ஜிபி செத்துப்போகவில்லை. இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். மகன் அனிமேஷன் படிக்கப் போகிறான் என்பதால் எனக்கு அந்தச் சந்தேகமும் இல்லை. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒரு காட்சியைக் கார்டு வழியாக ரெண்டர் செய்ய (இறுதிப் படமாக்க) அந்தக் காட்சி விராமில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும், அல்லது நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடும். அங்கே 8க்கும் 12க்கும் உள்ள தூரம் கேமில் இருப்பதைவிட அதிகம்.

5060க்கு ஒரு நியாயம் உண்டு. புதுசு, வாரண்டி உண்டு, கரண்டு குறைவு, டிஎல்எஸ்எஸ் வழி பல ஃப்ரேம்களை உண்டாக்கும் வசதி உண்டு. அந்த ஃப்ரேம் ஜெனரேஷனைக் கடையில் காட்டி மயக்குவார்கள். அடிப்படையில் 50, 60 ஃப்ரேம் வந்தால்தான் அது நன்றாக இருக்கும். 30ஐ 90 ஆக்கினால் படம் வழுக்கிக்கொண்டு போகும், கை அசைவு மட்டும் பின்தங்கி வரும். அதுவும் 75 ஹெர்ட்ஸ் திரையில் உங்களுக்கு அதனால் பெரிய லாபம் கிடையாது. 3060இலும் டிஎல்எஸ்எஸ் மூலம் படத்தைப் பெரிதாக்கும் வசதி அப்படியே வேலை செய்யும். என்விடியாவின் ஃப்ரேம் ஜெனரேஷன்தான் கிடையாது. டிஎல்எஸ்எஸ் போன்ற, ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 இருக்கும் கேம்களில் அதன் ஃப்ரேம் ஜெனரேஷனை 3060இலும் போடலாம்.

வேறு பெயர்களும் காதில் விழும். இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி, விலைக்கு நல்ல கார்டு, உங்களுக்கு வேண்டாம். அது பயாஸில் (கணினியைத் தொடக்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருள்) ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாமல் பாதி உயிரோடு ஓடும், பல ஆபீஸ் கணினிகளின் பயாஸில் அந்த வசதியே கிடையாது. பழைய பிராசஸரோடு வேகம் குறைவதும் அதற்கு உள்ள பலவீனம். ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 2025 ஜூனில் வந்தது, 160 வாட், 16 பாதை. புதுசுதான் வேண்டும், பணத்தைக் கொஞ்சம் ஏற்றலாம் என்றால் நான் 5060ஐவிட இதைத்தான் சொல்வேன். பிளெண்டருக்கு மட்டும் என்விடியா ஒரு படி மேல். 9060 எக்ஸ்டியிலும் 5060 டிஐயிலும் 8 ஜிபி வகையும் உண்டு, 16 ஜிபி வகையும் உண்டு, பெட்டி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், பார்த்து வாங்குங்கள். ஜிடிஎக்ஸ் 1060, 1070 யாராவது சும்மா கொடுப்பதுபோல் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். அந்த வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது.

இனிப் பழைய கார்டைப் பார்க்கும் விதம். 3060 வந்தது 2021 பிப்ரவரியில். கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டிக் கிரிப்டோ காசு தோண்டும் வெறி உச்சத்தில் இருந்த நேரம் அது. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று அந்த முறையைக் கைவிட்டதும், இரவும் பகலும் ஓடிய கார்டுகள் கும்பல் கும்பலாகச் சந்தைக்கு வந்தன. உங்கள் நண்பர் தருவதும் அதில் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கார்டின் முகத்தைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி ஓடியது என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். சிலிக்கான் சிப் பெரும்பாலும் தாங்கிவிடும். விசிறியின் பேரிங்கும், நினைவகச் சிப்புகள் மேல் வைத்த, வெப்பம் கடத்தும் தெர்மல் பேடும், நடுவில் தடவிய பேஸ்டும்தான் காய்ந்து தேய்ந்து போகும். அவற்றை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்குரிய விலைக் குறைப்பைக் கேட்க வேண்டும். 2021 கார்டு என்றால் பெரும்பாலானவற்றுக்கு மூன்றாண்டு வாரண்டி முடிந்திருக்கும். வாரண்டி இல்லாத கார்டுக்கு 700 கொஞ்சம் கூடுதல். 600இல் பேச்சைத் தொடங்குங்கள்.

பெட்ரோல் ஸ்டேஷனில் சந்தித்துக் கைமாற்றுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கார்டு ஓடும் கணினிக்கு முன்னால் போய் உட்காருங்கள். முதலில் கையில் வாங்கிப் பாருங்கள். மதர்போர்டில் சொருகும் தங்க நிறப் பற்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா, பின்பக்கத் தகட்டில் துருவா, திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா. நம் ஊர் ஈரத்தில் மூடி வைக்காத கார்டு சீக்கிரம் பூத்துவிடும். டார்ச்சை அடித்து ஹீட்சிங்க் இடுக்குகளைப் பாருங்கள்: எறும்புக் கூடு, பல்லி எச்சம், கரப்பான் பூச்சியின் கால்கள். இவை வெறும் அசிங்கம் அல்ல, எச்சமும் எறும்பின் நீரும் செம்புக் கோடுகளை அரித்துவிடும். விசிறியை விரலால் மெல்லச் சுற்றினால் தடங்கலில்லாமல் ஓடி மெதுவாக நிற்க வேண்டும். கரகரத்தால் பேரிங் போய்விட்டது.

பிறகு கணினியைப் போட்டு ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். நினைவகம் 12 ஜிபி, பஸ் அகலம் 192 பிட் என்று வர வேண்டும். 128 பிட் என்றால் அது பின்னால் வந்த 8 ஜிபி வகை, இந்த விலைக்கு ஆகாது. பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதுப் பெயரில் விற்கும் ஏமாற்று உண்டு. அந்த மென்பொருள் பலமுறை போலி என்று பெயருக்கு முன்னால் போட்டுக் காட்டிவிடும். அடுத்து யுனிஜின் சூப்பர்பொசிஷன் மாதிரி கார்டைக் கடுமையாக வேலை வாங்கும் ஒரு சோதனையை 20 நிமிடமாவது ஓட விடுங்கள். ஐந்து நிமிடத்தில் நன்றாகத் தெரியும் கார்டு பதினைந்தாவது நிமிடத்தில் சூடேறிப் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும், அதற்காகத்தான் இந்தப் பொறுமை. அப்போது இரண்டு எண்களைக் கவனியுங்கள், கார்டின் வெப்பம், அதன் மிகச் சூடான புள்ளியின் (ஹாட்ஸ்பாட்) வெப்பம். இரண்டுக்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 25ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது யாரோ கழற்றிச் சரியாக மாட்டவில்லை. வேகம் 1777 மெகாஹெர்ட்ஸை ஒட்டியோ மேலேயோ நிற்க வேண்டும். கடைசியாக ஓசிசிடி என்ற மென்பொருளின் விராம் சோதனை. அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நினைவகச் சிப் பழுதை நம் பக்கத்துக் கடைகளில் நம்பிச் செய்ய ஆள் கிடைப்பது அரிது.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யூடியூப் விமர்சனங்கள் நம் வீட்டுக்குப் பொருந்தாத இடம் இதுதான். அவர்கள் 21, 22 டிகிரி ஏர்கான் அறையில் சோதிக்கிறார்கள். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட தோட்டத்து வீட்டில் மதியம் மூன்று மணிக்கு அறை 33, 34 டிகிரி. அறை எவ்வளவு ஏறுகிறதோ கார்டும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். அங்கே 68 என்று காட்டிய கார்டு இங்கே 80. 83ஐத் தொட்டதும் 3060 தானாகவே வேகத்தைக் குறைக்கும். காற்றுப் புக முன்பக்கத்தில் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி போடுங்கள். டெல் கேசிங்குகளில் பின்னால் ஒரே ஒரு சின்ன விசிறிதான் இருக்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் வாட்டின் உச்சம்) 85 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். சில ஃப்ரேம்தான் குறையும், வெப்பமும் சத்தமும் கண்கூடாகக் குறையும். ஃப்ரேமை 75இல் நிறுத்தி வையுங்கள், வலோரண்டில் காட்டாத 200 ஃப்ரேமுக்காகக் கார்டு வேக வேண்டியதில்லை. செம்மண் சாலை ஓரம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளோவர் போடுங்கள். போடும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும்.

கார்டைவிடப் பெரிய எதிரி மின்னல். உலகத்தில் இடி மின்னல் மிக அதிகமான நாடுகளில் மலேசியா ஒன்று. பேராக் பக்கம் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். இன்டர்நெட் கம்பியையும் கழற்றுங்கள். யூனிஃபை இன்டர்நெட்டின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் ரௌட்டரின் அடாப்டரும் அதிலிருந்து கணினிக்கு வரும் லேன் கம்பியும் கடத்தும். லேன் பக்கம் அடி வாங்கி மதர்போர்டு போன கணினிகள் நிறைய. கேசிங்கின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று மெல்லிய மின்சாரம் உறைக்கிறதா? அப்படியானால் உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. பவர் சப்ளை வழியாக மிகச் சிறிய மின்சாரம் கேசிங்குக்குக் கசிவது இயல்பு. அது மண்ணுக்குப் போக வழியில்லாமல் உங்கள் விரல் வழியே போகிறது. பழைய தோட்ட வீடுகளில் இது சகஜம். எர்த் இல்லாத இடத்தில் சர்ஜ் புரொடெக்டர் போட்டும் பெரிய பயன் இல்லை. கார்டு வாங்கும் முன் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். மகனின் உயிருக்கும் அதுதான் காவல், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மாட்டும் வேலை பெரிதல்ல. பிளக்கை உருவி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, கேசிங் இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். கார்டின் நீளத்தை முன்கூட்டியே கேட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டு விசிறி 3060 பெரும்பாலும் 240 மில்லிமீட்டர் அளவில், மூன்று விசிறி என்றால் 280ஐத் தாண்டலாம், டிஸ்க் கூண்டில் இடிக்கும். மாட்டியதும் மானிட்டர் கம்பியை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் சொருக வேண்டும். இதை மறந்துவிட்டுக் கார்டு வேலை செய்யவில்லை என்று கொண்டு வருபவர்கள் ஏராளம். 3060இல் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான் உண்டு, பழைய விஜிஏ கிடையாது. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11க்கு மாறினால் வலோரண்ட் ஓட பயாஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் போட்டிருக்க வேண்டும்.

ராம் 16 ஜிபி ஒரே குச்சியா இரண்டா என்றும் பாருங்கள். ஆபீஸ் கணினிகளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதே அளவு, டிடிஆர்4 2666, பழையதாகவே இன்னொன்று போட்டால் இரண்டு வழியில் ஓடும். பிராசஸர் திணறும் இடங்களில் வெட்டு குறையும். கார்டுக்கு 600, 700, பவர் சப்ளைக்கு 250, மாற்றுக் கம்பி, விசிறி போக ராமுக்கும் வயர்மேனுக்கும் காசு நிற்கும். 5060 எடுத்தால் 1500 கார்டோடே ஏறக்குறைய முடிந்துவிடும், 260 வாட் பவர் சப்ளை அப்படியே இருக்கும்.

பவர் சப்ளை லேபிள், கேசிங் உள்பக்கம், மதர்போர்டில் பவர் பிளக் மாட்டும் இடம், மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள். டெல் மாடல் எண் தெரியும்படி ஒன்று. எந்த மாற்றுக் கம்பி வேண்டும், ஏடிஎக்ஸ் பெட்டி உள்ளே உட்காருமா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதுவரை நண்பருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.